மக்கிறெகரின் பெயரும் சீமோனின் பெயரும்

கனடாவில், மல்வேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் சீமோனுக்கு வேலை. அங்கே அவரை எல்லாரும் றிச்சர்ட் என்பார்கள். முப்பது வருடங்களுக்கு முன் றிச்சர்ட் குரூஸ் என்ற யாரோ ஒருவரின் பாஸ்போட்டில்தான் ஏஜென்ட் அவரை விமானம் ஏற்றினான். இறங்கியதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வயதுப் பயம் விடவில்லை. அகதி விண்ணப்பத்திலும் அதே பெயர். தகப்பன் குரூஸ், இறந்துவிட்டார் என்று எழுதச் சொன்னதும் அந்த ஏஜென்ட்தான். விசாரிக்க ஆள் இருக்கக்கூடாதாம். சீமோனும் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஊரில், பேசாலையில், அவருடைய அப்பா பாவிலு அன்றைக்குக் குத்துக்கல் மாதிரி இருந்தார்.

இப்போது பாவிலுவுக்கு எண்பத்திநாலு. தனியாள். கிணற்றடியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து, கனடாவுக்குக் கூப்பிடு என்று வாரம் தவறாமல் கேட்கிறார்.

இல்லத்தில் மக்கிறெகர் என்றொரு ஸ்கொட்லாந்துக் கிழவர். சவரம் செய்துவிடும்போதும் வாய் சும்மா இராது. ஒருநாள் தன் பெயரின் கதையை அவிழ்த்துவிட்டார். மக் என்றால் மகன், கிறெகரின் மகன். எங்கள் தமிழ் ஆட்கள் அப்பன் பெயரை ஒட்டிக்கொள்வது போலத்தான். 1603இல் அரசர் அந்தப் பெயரையே தடை செய்தாராம். வைத்திருந்தால் தலை போகும். உயிர் தப்ப அயலாரின் பெயர்களைப் போட்டுக்கொண்டார்கள். 1774இல் தடை ஒரேயடியாக நீங்க, கனபேர் பழைய பெயருக்குத் திரும்பினார்களாம்.

பாழாய்ப்போன நம்பிக்கை சீமோனுக்குள் புகுந்துவிட்டது. அடுத்த நாளே லீவு போட்டு வழக்கறிஞர் துர்க்காவிடம் ஓடினார்.

துர்க்கா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அண்ணை, இப்ப பேரை மாத்தக் கேட்டால், அண்டைக்குப் பொய் சொன்னனான் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கிறியள். சிட்டிசன்ஷிப் பறிபோகலாம்."

"அப்ப அப்பாவை எப்பிடிக் கூப்பிடுறது?"

"உங்கட அப்பா செத்துப்போனார் எண்டெல்லோ நீங்கள் சைன் வைச்சிருக்கிறியள்."

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது சீமோனுக்கு மக்கிறெகரில் பொல்லாத கோபம் வந்தது. கிழவர் என்ன செய்வார், பாவம். தன் கையால் எழுதியதற்கு யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா ஃபோன் எடுத்தார்.

"என்ன மோனே, பேப்பர் போட்டிட்டியோ?"

"அலுவல் கொஞ்சம் இழுபடுது அப்பா."

"எனக்குத் தெரியும் இழுப்பாங்கள் எண்டு. அதுதான் தடியை ஊண்டிக்கொண்டு கோயிலுக்குப் போனனான். பங்குச்சுவாமி ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாத்து எழுதித் தந்தவர். நீ என்ர மகன் எண்டும், நான் இன்னும் உயிரோட இருக்கிறன் எண்டும். சீலும் குத்தியிருக்கு. அனுப்பட்டோ?"

"ஓம் அப்பா," என்றார் சீமோன். "அனுப்புங்கோ."