பதினைந்து வருசப் பெட்டி

துப்பச் சொன்னார்கள். அதுதான் முதல் அதிர்ச்சி.

ஒஸ்லோ நகர நடுவில் ஒரு ஹோட்டலின் சமையலறையில்தான் நானும் என் கூட்டாளியும் அப்போது வேலை. அவன் வீடு அம்மருட்டில், என் வீடு வெஸ்ட்லியில். ஒரே ரயிலில் போவோம், ஒரே ரயிலில் வருவோம், போகவும் வரவும் அவன்தான் கதைப்பான். ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வைன் சங்கம் இருந்தது. வைனுக்குப் பொறுப்பான நோர்வீஜியப் பெண் மாதத்தில் ஒருநாள் பகல் வேலை முடிய நாலைந்து போத்தல் திறப்பார். பிடித்ததை எல்லோரும் சேர்ந்து பெட்டிப் பெட்டியாக அரசாங்க மதுக்கடை மூலம் எடுப்பிப்பார்கள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, "சும்மா தாறாங்கள், வா மச்சான்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான்.

மேசையில் ஆளுக்கொரு கிளாஸ். நடுவில் பளபளவென்று ஒரு வாளி. "வாயில் சுழற்றிப் பாருங்கள், பிறகு வாளிக்குள் துப்புங்கள்" என்றார் அந்தப் பெண். தலைமைச் சமையல்காரர் துப்பினார். வரவேற்பு மேசைப் பெண் துப்பினாள். ஒருத்தர் முகத்திலும் ஒரு கூச்சம் இல்லை.

கூட்டாளி என் காதுக்குள் சொன்னான்: "எட மச்சான், ஊத்தித் தந்தவவின்ரை முகத்துக்கு முன்னாலை துப்பிறதோ? எங்கடை ஆக்களின்ரை வீட்டிலை ஒரு வாய் தேத்தண்ணியைத் துப்பிப்பார், ஏழு தலைமுறைக்குக் கதை பேச்சு இருக்காது."

அவன் துப்பவேயில்லை. நாலு கிளாசையும் விழுங்கினான். வாளி அவனிடம் வரும்போதெல்லாம் பந்தியில் சோற்றுச் சட்டியைக் கை மாற்றுவது போல மரியாதையாக அடுத்தவரிடம் கொடுத்தான்.

கடைசியாக வந்தது பிரான்சின் பொர்தோப் பக்கத்துச் சிவப்பு வைன். நாவல்பழச் சாறு போலக் கறுப்பு. வாயில் வைத்தேனோ இல்லையோ, பச்சைப் பாக்கை மென்றது போல நாக்கு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு விலைக்கு இந்தத் துவர்ப்போ! அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இப்போது குடிக்க நல்லாயிராது. அதனால்தான் இப்போதே வாங்க வேண்டும். பதினைந்து வருசம் படுக்கப் போட்டுவிட்டுப் பாருங்கள்."

"நல்லாயில்லை எண்டு சொல்லியே சாமான் விக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றேன் தமிழில்.

கூட்டாளி சிரிக்கவில்லை. "இது எந்த வருசத்தது?" என்று அவரிடம் கேட்டான்.

"இரண்டாயிரம். அருமையான வருசம்."

"ஓம், அருமையான வருசம்தான்" என்றான் என்னைப் பார்த்து. "என்ரை மகளும் ரெண்டாயிரம்."

அவ்வளவுதான். பன்னிரண்டு போத்தல் கொண்ட ஒரு மரப்பெட்டி, இரண்டு பேரும் பாதிப் பாதி. பதினைந்து வருசம் தொடாமல் வைத்து, மகளின் கலியாணத்தன்றைக்குத் திறப்பதாகப் பேச்சு. ஆனால் அவன் மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். "பொம்பிளைப் பிள்ளையின்ரை பேரிலை குடிவகைப் பெட்டியோ? நகை நட்டுச் சேக்கிற தேப்பனைக் கண்டிருக்கிறன், உப்பிடி ஒரு தேப்பனைக் காணேல்லை. உது இந்தப் படி ஏறக்கூடாது!"

பெட்டி என் வீட்டு நிலக்கீழ் சாமான் அறைக்கு வந்தது. பழைய தொட்டிலுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் இடையில் அதைப் படுக்கவைத்துவிட்டுக் கூட்டாளி சொன்னான்: "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேணும். மச்சான், நானே வந்து கேட்டாலும் தராதை. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

இரண்டு வருசம் போனது. மே மாதம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல். மகளுக்குச் சப்பாத்து வாங்க ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனவன் அங்கேயே விழுந்தான் என்று தொலைபேசி வந்தது. நாற்பத்தொரு வயது. முதல்நாள்தான் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தவன். "ஆர்?" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அவன் பேரைத்தான் சொன்னார்கள். மகள் ஒரு காலில் புதுச் சப்பாத்தும் மற்றக் காலில் பழையதுமாக வீட்டுக்கு வந்தாளாம்.

எட்டுச்செலவு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் ஆக்கிப் படத்துக்கு முன்னால் படைக்கிற நாள். நண்டுக் கறி, இறால் பொரியல், ஆட்டிறைச்சி, அவன் களவாகப் பிடிக்கிற சிகரெட், எல்லாம் வாழையிலையில் இருந்தன. பேர்கனில் இருந்து வந்திருந்த அவன் தமையன் இலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போத்தல் எங்கை?"

மற்றவர்கள் வாங்குவார்கள் என்று நானும், நான் வாங்குவேன் என்று மற்றவர்களும் இருந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை பூட்டிக் கிடக்கிற இந்த நாட்டில் எங்கே வாங்குவது? ஊரில் என்றால் வேலிக்கு மேலால் கேட்டாலே வரும்.

அப்போதுதான் அவன் மனைவி தலை நிமிர்ந்தாள். "அண்ணை, உங்கடை கீழறையிலை அவரின்ரை பெட்டி கிடக்கெல்லோ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படி ஏறக்கூடாது என்று மறித்தவள் அவள்தான்.

"தங்கச்சி, அது பதினைஞ்சு வருசத்துக்குத் திறக்கிறேல்லை எண்டு சத்தியம் வாங்கினவன்."

"ஆரோடை அண்ணை இருந்து குடிக்கப் போறியள் பதினைஞ்சு வருசத்தாலை?"

செத்தவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதா, அவன் இலையை வெறுமையாக விடுவதா? தமையனின் காரில் வெஸ்ட்லிக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனைதான். கீழறையைத் திறந்து, மின்விளக்கைப் போட்டு, பெட்டிக்குக் கிட்டக் குனிந்தேன். மூடியில் இரண்டு ஆணி இல்லை.

தூக்கிப் பார்த்தேன். பதினொரு போத்தல் முழுசு. ஒன்று மட்டும் கழுத்து உறை கிழிந்து, தக்கை தலைகீழாக இறுக்கப்பட்டு, ஒரு கிளாஸ் அளவு குறைந்து கிடந்தது. அந்த அறைப் பூட்டின் திறப்பு என் கையை விட்டு ஒரே ஒரு தரம்தான் போனது. போன குளிர்காலம், தன் மகளின் பிறந்தநாளுக்கு மடிப்புக் கதிரை எடுக்கவென்று அவன்தான் வாங்கிக்கொண்டு போனான். கதிரை எடுக்க இவ்வளவு நேரமோ என்று கேட்டதற்கு, வாயைத் துடைத்துக்கொண்டே, "கீழை சரியான குளிர் மச்சான்" என்றான்.

கள்ளன்! என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டுத் தான் பொறுக்காமல் ஒரு கிளாஸ் பார்த்திருக்கிறான். துவர்த்திருக்கும். துப்பியிருக்க மாட்டான். மிச்சத்தை ஊற்றவும் மனம் வந்திருக்காது. கிடந்து பழுக்கட்டும் என்று திரும்பப் பெட்டிக்குள்ளேயே படுக்கவைத்திருக்கிறான், திறந்த போத்தல் பழுக்காது என்று தெரியாமல். அந்தச் சீமெந்துத் தரையில் இருந்து நான் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது. தமையன் பயந்துபோய், "என்ன தம்பி, என்ன?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவன் களவாகத் திறந்து பார்த்ததை எல்லோருக்கும் சொல்லி, அவன் வாய் வைத்த போத்தலைத்தான் படைத்தோம். பிறகு வழமைப்படி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். முதலில் குடித்த தமையனின் முகம் கோணிற்று. "அட, இது வினாகிரியடா!" அந்த எட்டு நாளில் அந்த வீட்டில் முதல் தரம் ஆட்கள் சிரித்தார்கள். ஒருவர் எழும்பிக் குசினித் தொட்டிக்குள் துப்பப் போனார்.

கூட்டாளியின் மனைவி தன் கிளாசைக் கையில் வைத்திருந்தாள். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டவள் அல்ல. ஒரே மூச்சில் விழுங்கினாள். கண் கலங்கியது, துப்பவில்லை.

"இதையோ மனுசன் களவாக் குடிச்சது?" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். அவள் மூலையில் இருந்து அந்தப் புதுச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, மிச்சம் எத்தினை?"

"பதினொண்டு."

"அங்கையே கிடக்கட்டும். நான் வந்து கேட்டாலும் தராதேங்கோ."

அவன் சத்தியம் வாங்கும்போது அவள் அந்த அறையில் இல்லை. அவன் சொன்ன அந்தச் சொற்களை நான் ஒருவருக்கும் சொன்னதும் இல்லை.

"ஓம் தங்கச்சி" என்றேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் கீழே இறங்கி, இல்லாத இரண்டு ஆணிக்கு நாலாக அடித்தேன்.