நிலைப்படிகளை அறுத்த வாரம்

என் அப்பா நாற்பத்திரண்டு வயதில் ஓடத் தொடங்கினார். அதற்கு முன் அவர் பஸ்ஸுக்காகக்கூட ஓடியவர் அல்ல. ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று நிற்கிற ஆள். ஆபீசில் அசிஸ்டென்ட், வீட்டில் சாதுப் பிராணி. அப்படிப்பட்டவர் ஒருநாள் சாலை பஜாரில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, கிழக்கேகோட்டை வழியாக ஸ்ரீவராகம் குளம் வரை போய்த் திரும்புவார். முதல் மாதம் அது ஓட்டமா வேகமான நடையா என்று சொல்வது கடினமாக இருந்தது. மூன்றாவது மாதத்தில் நிஜமாகவே ஓடினார். அதைவிட ஆச்சரியம், அது அவருக்குப் பிடித்துப்போனது.

அவரை ஓட அனுப்பியது அம்மா. அந்த வருஷம் அம்மாவுக்குக் கால் தசைகள் இளைத்துப்போகும் நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதே டாக்டர் போகிற போக்கில் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, ரத்த அழுத்தம் இருக்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்றும் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் விழுந்துட்டா என்னை யாராக்கும் பார்த்துக்கறது? போங்கோ, ஓடிட்டு வாங்கோ" என்று தினமும் விரட்டுவாள்.

பகலில் நாங்கள் தூக்கி நிறுத்தினால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஆனால் எங்கள் வீட்டில் சுவர் மட்டும் போதாது. தெருவிலிருந்து புழக்கடை வரை நேர்கோட்டில் நீளும் வீடு. தெருக்கதவை அடுத்த ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே, கூடத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே, அடுக்களைக்கு, புழக்கடைக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு சாண் உயரத்துக்கு மர நிலைப்படி. அதை மிதிக்கக் கூடாது, அதில் உட்காரக் கூடாது, வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். அதில் லட்சுமி குடியிருக்கிறாளாம். வீட்டில் இத்தனை இடம் இருக்க, ஆள் தடுக்கி விழுகிற இடமாகப் பார்த்து ஏன் குடியேறினாள் என்று கேட்டு நான் குட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் படி வரும்போதெல்லாம் அம்மாவுக்கு அப்பாவின் தோளோ என் தோளோ வேண்டியிருந்தது.

காலையில் மட்டும் கதை வேறு. அப்பா ஓடிவிட்டு வரும்போது அம்மா அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். காப்பி தயாராக இருக்கும். கூடத்தில் படுத்திருந்தவள் இரண்டு படிகளைத் தாண்டித் தனியாக எப்படி வந்தாள் என்று அப்பா கேட்டால், "சுவத்தைப் பிடிச்சுண்டுதான். காலம்பற எனக்குக் கால் நன்னா வரது" என்பாள். அப்பா அதை நம்பினார். நம்பியது மட்டுமல்ல, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மருந்து பிடித்துவிட்டது, காலையில் வருகிற பலம் போகப்போக மத்தியானம் வரை நிற்கும், பிறகு சாயங்காலம் வரை என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அதையும் அப்பா நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்.

தெருவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒருநாள் கோயிலிலிருந்து திரும்பும்போது எனக்கு முன்னால் போன இரண்டு மாமிகளின் பேச்சு காதில் விழுந்தது. "ஆத்துக்காரி கால் வராம கெடக்கா, இவர் என்னடான்னா ஷூவை மாட்டிண்டு ஓட்டப் பந்தயத்துக்குப் போறார்." மற்றவள் சிரித்தாள். எனக்கு ஒன்பது வயது. அவமானம் என்பதை முழுசாக அனுபவிக்கக்கூடிய வயது. அன்று சாயங்காலம் அப்பாவின் கான்வாஸ் ஷூ இரண்டையும் எடுத்துப் புழக்கடையில் விறகு அடுக்குக்குப் பின்னால் செருகிவிட்டேன். ஷூ இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லாவிட்டால் பேச்சு இல்லை என்பது என் யோசனை.

மறுநாள் காலை என் சாமர்த்தியத்தின் பலனைப் பார்க்கவேண்டும் என்று சீக்கிரமே விழித்துக்கொண்டேன். நான் படுக்கும் மச்சிலிருந்து, சின்ன விளக்கு எரியும் கூடத்துக்கு இறங்கும் ஏணிப்படியின் மேலே இருட்டில் உட்கார்ந்துகொண்டேன். கீழே ரேழியில் அப்பா அங்குமிங்கும் தேடுவது கேட்டது. தெருக்கதவைத் திறந்து வெளியே பார்த்தார், மூடினார். பிறகு சத்தம் இல்லை. ரேழி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது.

கதவுச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்தாள். எழுந்தாள் என்று சொல்வது தப்பு. பாயிலிருந்து தரையோடு நகர்ந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்தாள். பிறகு இன்னொரு முழம். நிலைப்படி வந்ததும் வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். இடது காலைத் தூக்கிப் போட்டாள். உட்காரவே கூடாது என்று எனக்குக் குட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்த அந்தப் படியின் மேல், நிலையைப் பற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் சரிந்து இறங்கினாள்.

நான் திரும்பி ரேழியைப் பார்த்தேன். அப்பா கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். நேர்கோட்டு வீடு, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஓடிப்போய்த் தூக்குவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. அம்மா இரண்டாவது படியையும் தாண்டி, அடுக்களை ஜன்னல் கம்பியில் தொங்கி எழுந்து முக்காலியில் உட்காரும்வரை அப்படியே நின்றார். அதற்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். பிறகு வெறுங்காலோடு சத்தமில்லாமல் தெருவுக்குப் போனார். சற்று நேரம் கழித்துக் கதவைப் பலமாகத் திறந்துகொண்டு வந்து, "காப்பி ஆச்சா?" என்று கேட்டார்.

"எப்பவோ ஆச்சு" என்றாள் அம்மா.

அவள் புடவையின் பின்புறம் எப்போதும் அழுக்காக இருப்பதை நான் அன்றுவரை கவனித்ததில்லை. அன்று மத்தியானமே ஷூவை எடுத்துத் தட்டி, பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஆசாரியும் கொத்தனாரும் வந்தார்கள். வீட்டைக் கொஞ்சம் மாடர்னாக்கலாம் என்றிருக்கிறேன் என்றார் அப்பா. தரையெல்லாம் ஒரே மட்டமாக மொசைக், நடுவில் படியே கிடையாது, இப்போதெல்லாம் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆபீசில் யார் யார் வீட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாடர்ன் என்ற வார்த்தையில் நான் மயங்கிவிட்டேன்.

அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு நீங்கோ ஓடப் போகலை, இல்லையா?"

அப்பா ஆசாரியின் முழக்கோலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஷூவைக் காணலை."

படியை அறுக்க ஆசாரிக்குத்தான் மனம் வரவில்லை. தென்காசிப் பக்கத்துக்காரர். படி முன்னால் சூடம் கொளுத்தி, தொட்டுக் கும்பிட்டு, ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"எம்மா, லெச்சுமி இருக்க எடம். வீட்டுப் பொம்பளை வாயால ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் ரம்பத்தை வைப்பேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அடுக்களைப் படி ஒண்ணாவது இருக்கட்டுமே."

"வேண்டாம்" என்றார் அப்பா. "எல்லாம் போகட்டும்." அம்மா எது சொன்னாலும் சரி என்கிறவர் அவர்.

"அறுத்துக்கோங்கோ" என்றாள் அம்மா, ஆசாரியிடம்.

ஒரு வாரத்தில் நான்கு படிகளும் போயின. சல்லி கொட்டி, மொசைக் போட்டு, மெஷின் வைத்துத் தேய்த்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அம்மா அப்பாவிடம் வேண்டியதற்கு மேல் பேசவில்லை. லட்சுமியை வெளியேற்றிய கோபம் என்று நான் நினைத்தேன். எனக்கோ உள்ளூரப் பெருமை. நான் ஷூவை ஒளித்துவைக்காவிட்டால் இந்தப் புதுத் தரை வந்திருக்குமா? யாரிடமாவது சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்ற குறை மட்டும் இருந்தது. இன்றுவரை சொன்னதில்லை.

அப்பா மறுபடி ஓடப் போனார். ஆனால் இப்போது யாரும் அவரை விரட்டவில்லை. குளம் வரைகூடப் போகாமல் கால் மணியில் திரும்பி வந்து அவரே காப்பி போட்டார். அது காப்பி என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மா கூடத்தில் படுத்தபடியே எங்கள் வருகைக்காகக் காத்திருந்தாள். நாங்கள் தோள் கொடுத்தால் எழுந்து வருவாள், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். காலம்பறக் கால் நன்றாக வருகிறது என்று அவள் பிறகு சொன்னதே இல்லை. சில மாதங்களில் சக்கர நாற்காலி வந்தது. புதுத் தரையில் அது எங்கும் இடிக்காமல் போயிற்று. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் அப்பாவின் முன்யோசனையைப் புகழ்ந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குத்தான் அம்மாவின் போக்கு புரியவில்லை. முன்பு அத்தனை கஷ்டப்பட்டுப் போனவள், வழி இவ்வளவு சுலபமான பிறகு ஏன் படுத்தே கிடக்கிறாள்? அம்மாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஒருநாள் காலை, அப்பா வருவதற்கு முன், பாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"இப்போதான் படியே இல்லையேம்மா. நீயே போய்க் காப்பி போடலாமே?"

அம்மா அடுக்களை வரை நீண்டு பளபளத்த தரையைப் பார்த்தாள்.

"இப்போ போறதுக்கு என்னடீ இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமே இல்லை, அதைத்தானே நானும் சொல்றேன்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரட்டும் என்று, ரேழியிலிருந்து புழக்கடைக் கிணற்றடி வரை ஒரு தடவைகூடத் தடுக்காமல் ஓடிக் காட்டினேன்.