சுவீடன்காரர்கள் தேர் இழுத்த நாள்

2006ஆம் வருடம், ஜூன் மாதம். உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்துகொண்டிருந்த கோடை. பிராங்பேர்ட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. ஊரில் ஓடும் கார்களில் எல்லாம் ஜெர்மன் கொடி படபடத்துக்கொண்டிருக்க, எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மேஜையில் மட்டும் நீலத்தில் மஞ்சள் சிலுவை போட்ட சின்னக் கொடி நின்றது. அது எங்கள் குழுத் தலைவியின் மேஜை. சுவீடன்காரர். ஜெர்மானியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். என் வருடாந்திர மதிப்பீட்டில் கையெழுத்து போடுபவரும் அவர்தான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் பட்ட பாடு புரியும்.

அலுவலகம் விட்டால் அவர் உள்ளூர் சுவீடிஷ் சங்கத்தின் செயலாளர். பருவத்துக்கு ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். டிசம்பரில் ஒரு பெண் தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு முன்னால் வர, மற்றவர்கள் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். (முதல் வருடம் அதைப் பார்க்கப் போய், "ஐயோ, தலையில தீ!" என்று தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிய புண்ணியவான் நான்தான்.) ஆகஸ்டில் காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு, நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் ஏதோ ஒரு பிராணியை வேகவைத்து உறிஞ்சுவார்கள். ஜூனில் நடுக்கோடை விழா. அதுதான் பெரிய விழா. உயரமான மரக் கம்பத்துக்கு இலையும் பூவும் சுற்றி, உச்சியில் குறுக்குக் கட்டை கட்டி, இரண்டு பக்கமும் பூ வளையம் தொங்கவிட்டு, புல்வெளியில் நட்டு, அதைச் சுற்றி ஆடுவார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இரவு ஒரு விஷயம் முடிவானது. சனிக்கிழமை மாலை மியூனிக்கில் ஜெர்மனியும் சுவீடனும் மோதப் போகின்றன. அதே சனிக்கிழமைதான் விழா.

புதன்கிழமை காலை காபி மெஷின் பக்கத்தில் தலைவி பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். சங்கத்தில் கை கால் திடமாக இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மியூனிக்குக்கு ரயில் ஏறப் போகிறார்களாம். மிச்சம் இருப்பது பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள், முதுகுவலிக்காரர் ஒருவர். கம்பத்தைத் தூக்க ஆளில்லை. சங்கத்துப் பெரிசுகளோ, இந்த வருடம் கம்பம் நிற்கவில்லை என்றால் இனி இந்த வம்பே வேண்டாம், அடுத்த வருடத்திலிருந்து ஒரு ஹாலில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக் கலைந்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

"வருஷத்துல அந்த ஒரு நாள்தான் நான் எங்க ஊர்ல இருக்கேன். அதுவும் போயிடும்" என்றார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது முகம் வாடி நின்றால், என்னால் முடியுமா என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும். "ஆள்தானே? நான் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்த ஆண்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் போலவே மடிக்கணினிக்கு மேல் எடை தூக்காத ஜாதி.

நேரே ரயில் நிலையத்துப் பக்கம் நான் முருங்கைக்காய் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபால் ஆடும் ஒரு குழுவுக்கு அவர்தான் கேப்டன். ஒவ்வொருத்தரும் பனைமரம் மாதிரி இருப்பார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"கம்பமோ? ஏன் தம்பி, உங்கட கம்ப்யூட்டர் ஆக்கள் எங்கை?"

"அவங்களையும் சேர்த்து நீங்கதாண்ணே தூக்கணும்."

சிரித்தார். ஆனால் மசியவில்லை. "பெடியள் சனிக்கிழமை மட்ச் பாக்கவேணும் எண்டு நிக்கிறாங்கள். ஏலாது தம்பி."

இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும், மட்ச் ஐந்து மணிக்குத்தான் என்றேன். அசையவில்லை. பூ என்றேன், பாட்டு என்றேன், ஊரே கூடும் என்றேன். வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என் வாய் தன் வேலையைக் காட்டியது.

"அண்ணே, சுருக்கமா சொன்னா, அது அவங்க ஊர்த் தேர்த் திருவிழாண்ணே!"

தராசு அப்படியே நின்றது. "தேரோ?"

"தேர்தான்."

"அதை முதலே சொல்லுறதெல்லோ! தேர் எண்டா விடேலாது. வடம் அவையிட்டை இருக்கோ, நாங்கள் கொண்டு வரட்டோ?"

கயிறு எதற்கும் உபயோகப்படும்தானே என்று நினைத்து, "கொண்டு வாங்கண்ணே, இருக்கட்டும்" என்றேன். இத்தனைக்கும் நான் திருவாரூர்க்காரன். உலகம் அறிந்த தேர் ஓடும் ஊரில் பிறந்து, ஒரு தடவைகூட வடத்தைத் தொடாமல், மாடியில் மோர் குடித்துக்கொண்டே பார்த்தவன். தேரைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

சனிக்கிழமை நல்ல வெயில். எஸ்-பான் ரயிலில் போய் இறங்கி, காட்டோரப் புல்வெளிக்கு நடந்தேன். கம்பம் இலையும் பூவுமாகப் புல்லில் படுத்திருந்தது. அதன் அடிப்பக்கம் நடுவதற்கான குழி தயாராக இருந்தது. பக்கத்தில், நுனியில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய கழிகள் கத்தரிக்கோல் மாதிரி அடுக்கியிருந்தன. அவற்றால் கவ்வி, கொஞ்சம் கொஞ்சமாக உந்தித்தான் கம்பத்தை நிமிர்த்துவார்களாம். இதையெல்லாம் முதுகுவலிக்காரர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். வாலிபால்காரர்கள் வந்ததும் அவர்களுக்கு நான் விளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குள் ஒரு பாட்டியம்மா என் தலையில் பூ வளையம் வைத்து, கையில் ஒரு தட்டைத் திணித்தார். தட்டில் சர்க்கரையும் வினிகரும் போட்ட மீன் ஊறுகாய். அப்படி ஒரு வஸ்து உலகத்தில் உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த ஆராய்ச்சிதான் வினையாகப் போனது.

இரண்டு வேன்களில் வாலிபால் குழு குடும்பத்தோடு வந்து இறங்கியது. மனைவிமார் கையில் மட்டன் ரோல்ஸ் தட்டுகள். கடைக்கார அண்ணன் தோளில் பாம்பு மாதிரி சுருட்டிய வடம். எல்லாரும் பூச்சுற்றிய கம்பத்தைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் தேங்காய் எடுத்தார். ஒரு கல்லில் படாரென்று உடைத்தார். சுவீடன்காரர்கள் கைதட்டினார்கள். தேங்காய் உடைக்கிற அழகைப் பார்த்து நானும் தட்டை வைத்துவிட்டுக் கைதட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் வடம் கம்பத்தில் ஏறிவிட்டது.

"இழுங்கோடா! அரோகரா!"

கம்பம் கிளம்பியது.

அப்படி ஒரு வேகத்தை நான் திருவாரூரில்கூடப் பார்த்ததில்லை. புல்வெளி லேசான சரிவு வேறு. டெய்சிப் பூக்கள் உதிர்ந்து பின்னால் கோலம் போட்ட மாதிரி கிடந்தன. ஒரு வளையம் கழன்று, தனியாக உருண்டு, ஓடைப் பக்கம் போனது. சுவீடன் பெரிசுகளோ இது தமிழர்களின் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாகக் கம்பத்தின் பின்னாலேயே ஊர்வலமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைகள் எல்லாம் அரோகரா போட்டுக்கொண்டு ஓடின. ஒரு தாத்தா கேமராவோடு முன்னால் ஓடினார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தலைவி பதற்றத்தில் சுவீடிஷிலேயே கத்திக்கொண்டு ஓடினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் வேகமாக இழுத்தார்கள். நான் பூக் கிரீடத்தோடு குறுக்கே பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து நின்றேன். கம்பம் நின்றது. குழி எங்கேயோ மேலே இருந்தது. கம்பத்தின் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது.

தலைவி புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதிர்ந்த டெய்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பூக்களில் எனக்குத் திங்கட்கிழமை அலுவலகம் தெரிந்தது.

அண்ணனுக்கு விஷயம் மெதுவாக விளங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"நீர் தானே தம்பி தேர் எண்டு சொன்னனீர்?"

"சொன்னேண்ணே."

"இதை இழுக்கிறதில்லையோ?"

"நடுறதுண்ணே."

"நடுற சாமானை ஆரும் தேர் எண்டு சொல்லுவினமே!"

பிறகு அவர் தலைவியின் எதிரில் போய்க் குந்தினார். அவருடைய ஜெர்மன் என் ஜெர்மனைவிடப் பத்து மடங்கு நல்லது. மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஊரில் பூ அலங்கரித்து எதையாவது நடுத்தெருவில் கண்டால் கயிறு கட்டி இழுத்துவிடுவோம், அப்படித்தான் வளர்த்தார்கள் என்றார். ஜெர்மனியிலும் எங்கள் கோயிலில் தேர் உண்டு, ஆனால் அந்தக் கூட்டத்தில் வடத்தில் இரண்டு விரல் வைக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம், இங்கே முழு வடமும் எங்கள் கைக்கு வந்ததும் கொஞ்சம் புத்தி கெட்டுவிட்டது என்றார். கடைசியாக என்னைக் காட்டி, "எல்லாத்துக்கும் காரணம் இந்த மனிசன்" என்று தமிழிலும் ஒரு தடவை சொன்னார்.

தலைவி என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் பூக் கிரீடம் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. சட்டையில் மீன் ஊறுகாய் ஒட்டியிருந்தது. அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெரியவங்க முகத்தைப் பார்த்தியா?" என்றார் என்னிடம். "கேக் சாப்பிட்டா போதும்னு சொன்ன ஆளுங்க, கம்பத்துக்குப் பின்னால எப்படி ஓடினாங்க!"

"தேர் இருப்பிடத்துக்கு வராமல் நாங்கள் வீட்டை போகேலாது" என்றார் அண்ணன். பெடியள் கம்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு ஒரு உவமை தோன்றியது. மங்கல நாள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயை மூடிய அபூர்வமான தருணம் அது.

பெண்களும் குழந்தைகளும் புல்வெளி முழுவதும் பரவிப் புதுப் பூ பறித்தார்கள். சுவீடன் பெண்கள் கம்பியால் ஒவ்வொரு கொத்தாகக் கட்ட, நம் அக்காமார் நூலால் சரம் சரமாகத் தொடுத்துத் தள்ளினார்கள். யார் வேகம் என்று போட்டியே நடந்தது. ஓடைக்குள் கிடந்த வளையத்தை ஒரு சின்னப்பெண் தலையில் மாட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள்.

பிறகு தூக்கினோம். முதுகுவலிக்காரர் ஒரு நாற்காலியில் ஏறி நின்று சுவீடிஷில் ஓங்கிக் குரல் கொடுக்க, பெடியள் அரோகரா சொல்லிக் கழிகளால் உந்தினார்கள். கம்பம் கொஞ்சம் நிமிரும், நிற்கும். மூச்சு வாங்குவார்கள். மறுபடியும் குரல், மறுபடியும் அரோகரா. கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்காரரும் அரோகராவுக்கு மாறிவிட்டார். அதில்தான் மூச்சு நன்றாக வருகிறது என்றார்.

எனக்குத் தூக்கும் வேலை தரவில்லை. குழியைச் சுற்றிக் கல் திணிக்கிற வேலை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரி. முதல் கல்லை என் கால் விரலில்தான் போட்டேன்.

முக்கால்வாசி நிமிர்ந்த கம்பம் திடீரென்று மட்டன் ரோல்ஸ் மேஜைப் பக்கம் சாய ஆரம்பித்தது. கழிகள் நழுவின. பெண்கள் அலறினார்கள். தலைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வடம்! வடத்தைப் பிடியுங்கோ!" என்று கத்தினார் அண்ணன்.

கம்பத்தின் பாதி உயரத்தில் அந்தக் கயிறு இன்னும் கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. அருகில் நின்ற எல்லாரும் பாய்ந்து பிடித்தோம். அண்ணன், அக்காமார், பாட்டியம்மா, கேமராத் தாத்தா, தலைவி, கடைசியில் ஒற்றைக் காலில் நான். இந்தத் தடவை இழுக்க வேண்டிய இழுவைதான். கம்பம் யோசித்தது. ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு, சரி போகட்டும் என்கிற மாதிரி, தடக்கென்று குழிக்குள் இறங்கி நேராக நின்றது.

அப்போது எழும்பிய அரோகராவில் யார் தமிழர், யார் சுவீடன்காரர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கம்பத்தைச் சுற்றி ஆட்டம். அதில் ஒரு கட்டத்தில் எல்லாரும் தவளை மாதிரி குந்திக் குந்திக் குதிக்க வேண்டும். வாலிபால் வீரர்கள் குதித்தார்கள். கோட்டு சூட்டு தாத்தாக்கள் குதித்தார்கள். என் கால் விரல் வீங்கியிருந்ததால் நான் நொண்டித் தவளை.

மட்டன் ரோல்ஸும் மீன் ஊறுகாயும் கை மாறிக்கொண்டிருந்தபோது யாரோ ரேடியோவைப் போட்டார்கள். ஜெர்மனி சீக்கிரமே கோல் போட்டது. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் கன்னத்தில் ஜெர்மன் கொடி வரைந்திருந்தன. துள்ளிக் குதித்தன. அண்ணன் விரலை உதட்டில் வைத்து அடக்கினார்: "சத்தம் போடாதேங்கோ பிள்ளையள். அவையின்ரை பக்கம் தோக்குது." பிள்ளைகள் அடுத்த கோலுக்குச் சத்தமில்லாமல் குதித்தன. தலைவி அதைப் பார்த்துவிட்டு, "சத்தமாவே குதிங்க" என்றார். மட்ச் முடிந்ததும் தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தார். "அங்கே போனவங்க தோத்துட்டாங்க. இங்கே நாம ஜெயிச்சோம்."

அடுத்த வருடம் கேக் பேச்சை யாரும் எடுக்கவில்லை. விழா அன்று போனபோது கம்பம் குழிக்குப் பக்கத்தில் இல்லை. வேண்டுமென்றே புல்வெளியின் கடைக்கோடியில் கிடத்தி, நல்ல கயிறாகப் பார்த்து வாங்கிக் கட்டி வைத்திருந்தார்கள். கம்பத்தை முதலில் இழுத்து வருவார்களாம், பிறகுதான் நடுவார்களாம். அதுதான் எங்கள் வழக்கம் என்று புதிதாக வந்த ஒரு சுவீடன் தம்பதிக்கு முதுகுவலிக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் விளக்கிக்கொண்டிருந்தார். தேங்காய் உடைக்க அண்ணனைத் தேடினார்கள். என்னைக் குழிப் பக்கம் விடவில்லை. வடத்தின் முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

திருவாரூரில் மாடியில் நின்று மோர் குடித்தவன், பிராங்பேர்ட் பக்கத்துப் புல்வெளியில்தான் வடம் பிடித்தேன். இன்றைக்கும் ஒரு ஊர் விசேஷத்தை இன்னொரு ஊர்க்காரருக்கு விளக்க வாயெடுத்தால் கால் விரல் வலித்து எச்சரிக்கிறது, ஆனாலும் அன்று நான் சரியாக விளக்கியிருந்தால் இவ்வளவு பேர் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கவே மாட்டோம் என்று நினைக்கும்போது அந்த வலியும் இனிக்கிறது.