தேசி மரத்துக்கு மாற்றிய முட்டைகள்

திங்கட்கிழமைகளில் வில்வம் பறிக்கக்கூடாது. திங்கள் பூசைக்கு வேண்டிய இலையை ஞாயிறு பின்னேரமே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவோம். நயினாதீவில் நான் மருமகளாக வந்த வீட்டில் அது என் வேலை. என் கணவர் அங்கே ஒரு சின்னச் சிவன் கோயிலில் பூசை செய்கிறார். வில்வ இலையின் மூன்று இதழும் முழுதாக இருக்கவேண்டும். புழு அரித்த ஓட்டை இருந்தால் ஆகாது, பூச்சி முட்டை இருந்தாலும் ஆகாது.

முட்டை கடுகைவிடச் சிறியது, வெளிறிய மஞ்சள் நிறம். கறுப்புச் சிறகில் மஞ்சள் பொட்டுகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி இடுவது. போன புரட்டாதியில் ஒருநாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். செவ்வரத்தைப் பூவில் இறங்கியது, உடனே எழும்பிவிட்டது. வில்வத்தின் முற்றிய இலை ஒன்றில் இருந்து முன்கால்களால் தட்டித் தட்டிப் பார்த்தது. அதையும் விட்டது. கடைசியில் ஒரு தளிரைத் தட்டி, வயிற்றை வளைத்து, ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போனது.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். அந்தப் பூச்சி கால்களால் சுவை பார்க்கிறது என்பது தெரியும். அது இலை தின்பதில்லை, தேன்தான் குடிக்கும். தான் தின்னாத இலையை, தான் பார்க்கப்போகாத பிள்ளைக்காகச் சுவைத்துப் பார்க்கிறது. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று கூடையை எடுக்க மறந்து நின்றேன்.

காரணம் என் மகள். அவளுக்கு நாலு வயது. மாரி மழை தொடங்கினால் மூச்சிழுப்பு வந்துவிடும். அதற்கு முந்திய மார்கழியில், கடல் கொந்தளித்துப் படகு ஓடாத ஒரு நாளில், அவளுக்கு மூச்சு முட்டியது. தீவு ஆசுப்பத்திரியில் ஆவி பிடித்தார்கள். அடங்காவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டும் என்று சொன்ன தாதி, சொல்லிவிட்டு யன்னலால் கடலைப் பார்த்தார். அன்று அடங்கிவிட்டது. பிறகு யாழ்ப்பாணத்தில் காட்டிய வைத்தியர், மாரி மாதங்களிலாவது பெரியாசுப்பத்திரிக்குக் கிட்ட இருந்தால் நல்லது என்றார்.

நல்லது என்றார். கட்டாயம் என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமில்லை.

"நான் பூசையை விட்டிட்டு வர ஏலாது. நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் போம், நான் மறிக்கேல்லை" என்றார் கணவர்.

"போகச் சொல்லுறியளோ?"

"நான் சொல்லி ஏதும் நடந்தால் என்னைக் கேப்பீர். நீரே யோசியும்."

அவரின் அம்மா, என் மாமி, குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "இந்தக் கடல் காத்துக்கு மிஞ்சின மருந்து டவுணிலை இருக்கோ? அங்கை புகையும் தூசியும். பிள்ளைக்கில்லை, உமக்குத்தான் டவுண் வேணும்."

அது முழுப் பொய்யில்லை என்பதுதான் என்னை அரித்தது. நான் வேலணைக்காரி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ப் படித்தவள். குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் தரைவழி உள்ள ஊரை நினைத்திருக்கிறேன். சில பூச்சிகள் குஞ்சுக்கு நல்ல செடியை விட்டு, தமக்குத் தேன் கிடைக்கும் பூக்களுக்குப் பக்கத்திலேயே முட்டை இட்டுவிடுமாம். எங்கோ வாசித்தது அந்தக் கிழமை முழுக்க மனதில் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு இலை பார்த்தபோது மகள் பக்கத்தில் இருந்தாள். முட்டை ஒட்டிய இலைகளைக் குப்பைக்கு ஒதுக்கினேன்.

"அம்மா, அது பாவம். வேறை வீடு குடுங்கோ."

வில்வமும் தேசி என்கிற எலுமிச்சையும் ஒரே குடும்பம், இந்தப் பூச்சி தேசியிலும் முட்டை இடும் என்று எனக்குத் தெரியும். கிணற்றடியில் எங்கள் தேசி மரம் நிற்கிறது. அந்த இலைகளை நூலால் தேசிக் கொப்பில் கட்டிவிட்டோம். படித்தது உதவிய சந்தோஷம் எனக்கு. மாமி சிரித்தார்: "புழுவுக்கும் குடிபெயர்வோ!"

புழுக்குஞ்சுகள் பொரித்தன, பறவை எச்சம்போல, நூலளவு. கட்டிய வில்வ இலைகள் அதற்குள் வாடிச் சுருண்டுவிட்டன. தேசியில் ஒரு தளிரும் இல்லை. நீண்ட வெயிலில் முற்றிய இலைகள், தோல்போலத் தடித்தவை. குஞ்சுகள் அவற்றின்மேல் அங்குமிங்கும் ஊர்ந்தன, விளிம்பில் வாய் வைத்தன, கடிக்க முடியவில்லை. பிறகு ஒன்றையும் காணவில்லை. மகளுக்கு, பறந்துவிட்டன என்று சொன்னேன்.

மரம் சரிதான். பூச்சி காலால் தட்டிப் பார்த்தது மரத்தின் பெயரை மட்டுமல்ல என்பதை நான் யோசிக்கவில்லை. இடம் மாற்றுவது நல்லது என்று புத்தகத்தை வைத்து முடிவெடுத்தேன், இலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்படியானால் பிள்ளையையும் மாற்றக்கூடாதா? மாமி சொன்ன புகையும் தூசியும் பொய்யில்லை. ஆனால் படகு ஓடாத நாளும் பொய்யில்லை. ஒரு காலை போவதென்று நினைப்பேன், மத்தியானம் வேண்டாமென்று நினைப்பேன். அவள் நித்திரையாகக் கிடக்கும்போது நெஞ்சு எழும்பித் தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் காற்று மாறியது. முதல் மழைக்கே அவளுக்கு இருமல் தொடங்கியது. அன்று பின்னேரம் கணவரிடம், "வீடு பாக்கப் போறன்" என்றேன். அவர் தலையாட்டினார். மாமி பிள்ளையின் கம்பளிச் சட்டையை எடுத்துப் பையில் வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் முதலில் பார்த்த அறை ஆசுப்பத்திரிக்கு மிகக் கிட்ட. ஆனால் பக்கத்தில் மிளகாய்த்தூள் அரைக்கும் மில். வாசலிலேயே மகள் இருமினாள், திரும்பிவிட்டோம். இரண்டாவது, கொஞ்சம் தள்ளி ஒரு குறுகிய ஒழுங்கைப் பாதைக்குள், தனியாக இருந்த ஒரு அக்காவின் வீட்டுப் பின்பக்க அறை. நான் கதவைத் திறந்து மூடினேன். யன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். மெத்தையைத் தட்டித் தூசி எழும்புகிறதா என்று பார்த்தேன். சுவரில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன்.

"என்ன பிள்ளை, வீடு பாக்க வந்தனீரோ, மோந்து பாக்க வந்தனீரோ?" என்று அந்த அக்கா சிரித்தார்.

"ஈரம் ஊறுதோ எண்டு பாத்தனான், அக்கா. பிள்ளைக்கு இழுப்பு."

"மாரியிலை ஈரமில்லாத சுவர் எங்கை இருக்கு? வெயில் அந்தப் பக்கத்தாலை வரும். மற்றது உங்கடை பாடு."

மகளைக் கட்டிலில் இருத்தி, முதுகில் காது வைத்துக் கேட்டேன். மெல்லிய கீச்சொலி ஒன்று இருந்ததுபோல இருந்தது. இல்லாததுபோலவும் இருந்தது. ஒழுங்கை முனையில் ஓட்டோ ஒன்று போனதில் அதுவும் கேட்கவில்லை.

"நாளைக்குச் சாமானோடை வாறம், அக்கா" என்றேன்.

சொன்ன பிறகும் அவள் முதுகிலிருந்து காதை எடுக்கவில்லை.