தங்கச்சி குரலில் வந்த கம்பெனி

கம்பெனிகள் நாட்டை ஆளப்போகும் காலத்தைப் பற்றி நாவல் எழுத உட்கார்ந்தபோது நான் முதலில் எழுதியது ஒரு கண்ணாடிக் கோபுரம். வானத்தை முட்டும் கோபுரம், வாசலில் துப்பாக்கி பிடித்த காவலர்கள், தண்ணீர் குடிக்கவும் அனுமதி வாங்கும் ஜனங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, திண்டுக்கல் வாடகை வீட்டு மாடியில், கீழே மாவு மில் ஓடும் சத்தத்தில் தினமும் அந்தக் கோபுரத்தைக் கொஞ்சம் கட்டுவேன். அதில் ஒரு செங்கல்கூட உண்மையில்லை என்று இப்போது தெரிகிறது. கம்பெனி அப்படியெல்லாம் வரவில்லை. அம்மா மல்லிகை பறித்துக்கொண்டிருந்த ஒரு காலைநேரத்தில், இறந்துபோன என் தங்கச்சியின் குரலில் வந்தது.

தங்கச்சி அந்தக் கம்பெனியின் போன் ஆபீஸில் வேலை பார்த்தவள். விவசாயிகளுக்கு மழை, மருந்து, மார்க்கெட் விலை எல்லாவற்றையும் போனிலேயே சொல்லும் கம்பெனி அது. ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு ரூமில் உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொன்னார்கள். புத்தகத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினால் போதும் என்றார்களாம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் அம்மாட்ட வாயடிக்கிறதுக்கு இப்ப சம்பளம் குடுக்கிறாய்ங்கக்கா," என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு என் தோளில் சாய்ந்துகொண்டு ஆட்டோவில் வந்தவள், வீடு திரும்பவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னாளபட்டியில் அவளே பார்த்து எடுத்த சுங்குடிச் சேலை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது.

அகரம் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு தோட்டம் உண்டு. ஒரு கிணறு, நாலைந்து தென்னை, மற்றதெல்லாம் மல்லிகை. அப்பா போன பிறகு அந்தப் பூவில்தான் நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். காரியங்கள் முடிந்த பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் நான் லீவு போட்டு அங்கேயே இருந்தேன். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் நின்று பூ பறித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம்மா. இன்னைக்கு மதியத்துக்கு மேல மழை இருக்கும்மா. பூவை வெரசாப் பறிச்சிருங்க. வாரேன்மா."

அம்மா அப்படியே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடைசி 'வாரேன்மா'வை தங்கச்சி வாசலைத் தாண்டும்போதெல்லாம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மதியத்துக்கு மேல் மழையும் வந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண் வீட்டுச் சாமியாகிவிடுவாள். கன்னி என்போம். அவளுடைய சேலையை ஒரு பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, பக்கத்தில் புதுச்சேலையும் வளையலும் பூவும் வைத்துக் கும்பிடுவோம். கன்னி கனவில் வந்து ஏதாவது சொல்வாள், இல்லாவிட்டால் யார் மேலாவது இறங்கிச் சொல்வாள் என்பது நம்பிக்கை. என் தங்கச்சி போனில் சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம், அம்மாவுக்கு.

"அது கம்ப்யூட்டர் பேசுதும்மா. எல்லா வீட்டுக்கும் இதே குரல்லதான் போகுது," என்றேன்.

"சாமின்னா எல்லா வீட்டுக்கும்தானத்தா பேசும்," என்றாள் அம்மா.

நாவல் எழுதுகிற எனக்கே இப்படி ஒரு வரி வாய்க்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் போன் வந்தது. பேச்சும் நாளாக நாளாக நீண்டது. அம்மா ஏதாவது கேட்டால் பதில் சொல்லும். தங்கச்சி அந்த ரூமில் உட்கார்ந்து படித்திருக்கவே முடியாத வாக்கியங்களையெல்லாம் சொல்லியது. இலை சுருண்டிருப்பதாக அம்மா சொன்னால் மருந்தின் பெயரைச் சொல்லும். அந்த மருந்து கம்பெனிக் கடையில்தான் கிடைக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் தட்டில் வாழைப்பழம், வெற்றிலையோடு வந்து, அம்மா போனை எடுக்கும் நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வீட்டு போனிலும் அதே குரல்தான் வந்தது. ஆனாலும் பெற்றவள் கையில் இருக்கும் போனில் கேட்டால் வாக்கு சுத்தமாக வரும் என்று பேச்சு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் குரல் சொன்னது என்று ஒவ்வொருவராகத் தோட்டத்தைக் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். மல்லிகையைப் பிடுங்கிவிட்டுக் கம்பெனி தனக்கு வேண்டியதை நட்டது. விட்டவர்களே அதில் கூலிக்கு நின்றார்கள்.

லீவு முடிந்து திண்டுக்கல் மாடிக்குத் திரும்பியதும், குரலை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கு போன் செய்தேன். மணி அடித்து, ஒரு சின்னப் பாட்டு ஓடி, "வணக்கம்க்கா, சொல்லுங்க," என்றது. அவள்தான். தங்கச்சியைப் பற்றிய புகாரைத் தங்கச்சியிடமே சொன்னேன். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுக்கா," என்றது அந்தக் குரல். போனை மெத்தையில் வீசிவிட்டு, மாவு மில் சத்தம் நிற்கும்வரை அதைத் தொடவில்லை.

அப்புறம் நான் அம்மா வீட்டில் இருந்த ஒருநாள், கம்பெனியிலிருந்து பைக்கில் ஒருவர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, மரியாதையாகப் பேசினார். இனிமேல் குத்தகைக்கு விட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தப் போன் வருமாம். அம்மா யோசித்துச் சொல்லும்வரை வருமாம். போகும்போது அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் நாவலின் காவலர்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஆக, தோட்டத்தைக் கொடுத்தால் மகள் பேசுவாள். கொடுக்காவிட்டால் பேசமாட்டாள். அம்மா கொடுத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் முகம் அப்படி இருந்தது.

கன்னிக்கு முதல் கும்பிடு வந்தது. தங்கச்சியின் சுங்குடிச் சேலையை மணையில் வைத்து, வளையல் அடுக்கி, எங்கள் தோட்டத்து மல்லிகையைச் சுற்றி, அதன் பக்கத்தில் அம்மா போனையும் வைத்தாள். வீடு நிறையப் பெண்கள். சூடம் எரிந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. யாரோ குலவையிட்டார்கள்.

"வணக்கம்மா. நீங்க இம்புட்டு நாள் கஷ்டப்பட்டது போதும்மா. தோட்டத்தை எங்ககிட்ட விட்டுட்டு நிம்மதியா இருங்க. நான் பாத்துக்கிறேன்மா."

"வாக்கு வந்துருச்சுக்கா!" என்று பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து போனை எடுத்தாள்.

"கன்னி சேலை கேப்பா. பூக் கேப்பா, வளையல் கேப்பா. பொறந்த வீடு சோறு திங்கிற தோட்டத்தக் கேக்க மாட்டா," என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நீ எம்மக இல்ல. அவ குரல வச்சுட்டுப் போயிரு," என்றாள்.

"எனக்குப் புரியலம்மா. திருப்பிச் சொல்றீங்களா?" என்றது போன்.

அம்மா திருப்பிச் சொல்லவில்லை. போனை அணைத்து மணையிலிருந்து தள்ளிவைத்துவிட்டு, வந்தவர்களுக்குப் பொங்கல் எடுத்து வைத்தாள்.

மறுநாளிலிருந்து போன் வரவில்லை. தோட்டம் எங்களிடமே இருக்கிறது. சுற்றிலும் கம்பெனியின் பச்சை வலை, நடுவில் எங்கள் மல்லிகை. அம்மா கருக்கலில் எழுந்து போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பறிக்கப் போகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. நானும் சில நாட்களில் கம்பெனியின் அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாவலின் கோபுரத்தைக் கோடு போட்டு முழுசாக அடித்துவிட்டேன். புதிதாக எழுதிய முதல் பக்கத்தில் ஒரு போன் அடிக்கிறது, அதற்கு மேல் கை ஓடவில்லை.

போன மாதம் அம்மாவும் நானும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். பூ மார்க்கெட்டில் கூடையைப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர், குஜிலியம்பாறைக்காரர், போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதோரம் பிடித்திருந்தார். "வணக்கம்யா," என்றது அது. அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. பெரியவருக்கு மழையைப் பற்றிச் சொன்னது, விதையைப் பற்றிச் சொன்னது. அவர் அணைக்கப் போனார்.

"ஐயா, செத்த நேரம் அணைக்காதீங்க," என்றாள் அம்மா.

அவர் திகைத்துப்போய்ப் போனை நீட்டினார். 'வாரேன்யா' வரைக்கும் அம்மா கேட்டாள்.

"நல்ல புள்ளத்தா. அக்கறையாச் சொல்லும்," என்றார் பெரியவர். "நாளைக்கு என்னையக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கு, வெள்ளாமக் காட்டக் குத்தகைக்கு விட."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குரலு எம்மகளுதுதான்யா. தெனமும் எடுத்துக் கேளுங்க, நல்லாருக்கும். காட்ட மட்டும் கேட்டா குடுத்துராதீங்க."