பியர்க்கடை ராசாவின் சாவு

தம்பித்துரை அண்ணையை நடிகர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டோர்ட்மண்டில் ஒரு பியர்க்கடையின் குசினியில் கோப்பை கழுவியவர். எண்பத்து மூன்றின் கடைசியில், கலியாணம் முடித்து எட்டே மாதத்தில், மனைவி கமலநாயகியை மானிப்பாயில் தாய் தகப்பனோடு விட்டுவிட்டுக் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தார். அகதி முகாமில் அவருக்குக் கீழ்க்கட்டிலில் படுத்தவன் நான். மனிதர் தலை சாய்த்ததும் நித்திரையாகிவிடுவார். அவருடைய இடக்கால் பெருவிரல் மட்டும் நித்திரை கொள்ளாது. ஆடி ஆடிக் கட்டில் கம்பியில் தட்டும்.

"அண்ணை, உந்தக் காலை நிப்பாட்டுங்கோ" என்று நான் கத்துவேன்.

"கமலநாயகியும் இதைத்தான் சொல்லுறவள்" என்பார், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி.

எண்பத்தெட்டில் அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் பியர்க்கடையில் ஒரு தொடர் நாடகம் படம்பிடிக்க வந்தார்கள். ஒரு தெருவும் அதிலுள்ள குடும்பங்களும்தான் கதை. கதையில் கடை கைமாறி, ராசா என்ற இந்தியர் ஒருவருக்குப் போகிறது. ராசாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. தம்பித்துரை அண்ணை கழுவிய கிளாசுகளைத் தூக்கிக்கொண்டு குசினியால் வெளியே வந்தார். இயக்குநர் அவரைக் கண்டார். அவ்வளவுதான், கோப்பை கழுவினவர் முதலாளியாகிவிட்டார்.

ராசாவுக்குக் கதையில் பிரிகிற்ற என்று ஒரு ஜெர்மன் மனைவி, ஆறு வயதில் சூசி என்று ஒரு பெண்பிள்ளை. அண்ணைக்கு அதிகம் பேச்சில்லை. பியர் ஊற்றுவார், தலையாட்டுவார், "வருகிறேன், வருகிறேன்" என்று ஜெர்மனில் சொல்வார். வேஷமும் இல்லை. வீட்டில் போடுகிற உடுப்போடு வரச் சொன்னார்கள். கமலநாயகி தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அவரிடம் இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான்.

இனி என் திருக்கூத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் சனத்தின் கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவோம். எடுப்பவன் நான். டோர்ட்மண்டில் இருந்த சிவகௌரி அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை எடுத்தேன். மூன்று மணித்தியாலக் கசெற், சடங்கு முடிய பாதி மிச்சம். கசெற் போவது சிவகௌரி அக்காவின் தாய்க்கு, அவவும் மானிப்பாய்தான். அண்ணையை அவருடைய சனம் பார்த்துப் பெருமைப்படட்டும் என்று, நாடகத்தில் ஒரு பகுதியைத் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து கசெற்றின் கடைசியில் ஒட்டினேன். தொடக்கப் பாட்டும் பெயர்ப் பட்டியலும் வீண் என்று வெட்டிவிட்டேன். சொல்லாமல் செய்தால்தான் புதினம் என்று அண்ணைக்கும் சொல்லவில்லை. என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊரில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, அயலட்டை எல்லாம் கூடிப் பார்த்திருக்கிறது. கமலநாயகியும் போயிருக்கிறார். பிள்ளைக்குத் தண்ணி வார்த்து, சேலை உடுத்தி, ஆராத்தி எடுத்து முடிய, அடுத்ததாகச் சூசியின் பிறந்தநாள். கேக் வெட்டுகிறார்கள். பிள்ளை "பாப்பா" என்று ஓடிவந்து அண்ணையின் கழுத்தைக் கட்டிப்பிடிக்கிறது. வெள்ளைக்காரி ஒரு துண்டு கேக்கை அவர் வாயில் தீத்துகிறாள். எங்கள் கொண்டாட்டக் கசெற்றுகளில் இதைத்தவிர வேறு என்ன இருக்கும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

ஒரு மாதம் கழித்து மாமனாரின் கடிதம் வந்தது. "கள்ளுத் தவறணை நடத்துறவனுக்கு நான் பெட்டை குடுக்கேல்லை. அங்கை ஒரு குடும்பம், இங்கை ஒரு குடும்பமோ?" அதற்குக் கீழே கமலநாயகியின் கையெழுத்தில் ஒரு வரி: "நான் தைச்ச சேட்டைப் போட்டுக்கொண்டோ அவளிட்டைக் கேக் வாங்கித் திண்டனீங்கள்?"

அண்ணை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்து அழுதார். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நாடகம் என்று எழுதினார். நாடகமென்றால் திரை எங்கே, பூச்சு எங்கே, பாட்டு எங்கே என்று மாமனார் திருப்பி எழுதினார். விசாவுக்குக் கொழும்புத் தூதரகத்தில் கமலநாயகிக்குத் தெர்மீன், அதாவது நேரில் வரவேண்டிய நாள், குறித்து வந்திருந்தது: எண்பத்தொன்பது மே, பன்னிரண்டாம் திகதி. அன்றைக்குப் போகாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. மகள் போகமாட்டாள் என்று மாமனார் எழுதிவிட்டார். பிறகு கடிதமே இல்லை. மாசி மாதம் ஒரு நாள் அண்ணை என் அறைக்கு வந்தார்.

"யூட், இயக்குநரிட்டை வா. ராசாவைச் சாக்காட்டச் சொல்லு."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"செத்தவன் கடிதம் போடமாட்டானெல்லே? சாவைக் காட்டுவம், பின்னாலை கடிதம் போடுவம். விளங்கிக்கொள்ளுவினம்."

இயக்குநருக்கு ராசாவை விட மனமில்லை. பார்க்கிறவர்களுக்கு ராசாவைப் பிடித்திருந்தது. நான் கதையை முழுக்கச் சொன்னேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. பங்குனியில் ராசா கடையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் செத்தார். காலையிலிருந்து பத்துத்தரம் விழவைத்துப் படம்பிடித்துவிட்டு, கடைசியாகக் கட்டிலில் கிடத்திப் போர்த்தினார்கள். பிரிகிற்ற கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செத்தவரைப் போலவே கிடக்கிறார் என்று இயக்குநர் பாராட்டினார். எல்லாரும் வெளிக்கிட்ட பிறகும் அண்ணை எழும்பவில்லை. நான் போய்த் தட்டித்தான் எழுப்பினேன்.

கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கசெற்றைக் கொடுத்தேன். அண்ணையின் கடிதத்தைத் தபாலில் போட்டேன். இரண்டையும் ஒன்றாக அனுப்ப எனக்குப் புத்தி போகவில்லை. மே பன்னிரண்டு வந்தது, போனது. ஊரிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. அண்ணை சோறு தின்னவில்லை. பிறகு கொழும்பிலிருந்து தந்தி வந்தது: விசா கிடைத்தது, ஆடி மாதம் வருகிறாள்.

பிராங்பேர்ட் விமானநிலையத்துக்கு நானும் போனேன். கிட்டத்தட்ட ஆறு வருசத்துக்குப் பிறகு பார்த்துக்கொண்டவர்கள், சூட்கேசைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். ரயிலில் நான்தான் வாய் திறந்தேன்.

"அக்கா, கடிதத்தைப் பார்த்துத்தான் நம்பினீங்களோ?"

"கடிதம் பிந்தித்தான் வந்தது, தம்பி. கசெற் முதல் வந்திட்டுது."

கமலநாயகி அண்ணையைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இவர் செத்துக் கிடக்கிறார். அம்மா குளறத் தொடங்கிட்டா. எனக்கு இருந்த கோவம் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. அவளோடையே இருக்கட்டும், உயிரோடை இருந்தால் காணும் எண்டு அம்மாளாச்சியை மண்டாடினன். அப்பதான் போர்வைக்கு வெளியாலை காலைக் கண்டன். பெருவிரல் ஆடுது."

தம்பித்துரை அண்ணை குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு, அக்கா?"

"பிறகென்ன, அம்மாவை அழவேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் பெட்டி அடுக்கினனான்."