ரைட்டர் அடித்த பேர்

இன்று மஞ்சக்குட்டையில் எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதிய பழைய ரைட்டர் வீட்டுக்குப் போனேன். நான் அங்கே வாட்ச்மேனாக இருந்தவன். முதலாளி விட்டுப்போன அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி வைத்திருந்தார்.

ஆட்டத்தை ஏற்றும் கேசட் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்ததும், அந்த நாளில் நாங்கள் ஆடிய அதே விண்வெளிச் சண்டை ஆட்டம் வந்தது. இதில் பெரிய கை யார் என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

"ஏனுங்க, இந்தக் கண்ண வெச்சுட்டு ராக்கெட் ஓட்டப் போறீங்களா?" என்றார்.

அவர் ஆடி, சீக்கிரமே செத்தார்.

மூன்றாவது எதிரிக் கூட்டம் இடது மூலையிலிருந்து குதிக்கும் என்பது எனக்கு மறக்கவில்லை. முளைக்கும் முன்பே சுட்டேன். ஜெயித்தேன்.

ஜெயித்தவன் பேரைக் கேட்டது கம்ப்யூட்டர். நான் கைநாட்டு. "நீங்களே அடிங்க" என்றேன்.

"ஆச்சுங்க, உங்க பேருதான்."

திரையைப் பார்த்தேன். அவர் வாசல் பேர்ப்பலகையையும் பார்த்தேன். இரண்டிலும் அதே எழுத்துகள்.

"ஏனுங்க ரைட்டரே, உங்க ஊட்டு வாசப் பலகைல எம்பேரு எப்பங்க ஏறுச்சு?"

"நொம்ப சத்தமா இருக்குதுங்க" என்று சுவிட்சை அணைத்துவிட்டார். பழைய கம்ப்யூட்டர், அணைத்தால் எல்லாம் போச்சு.

ஆகவே இந்தப் பதிவுதான் சாட்சி. நான் பேசப்பேச போன் எழுதியது. பதிலை நீங்களும் பேசியே அனுப்புங்கள். எழுதினால் எனக்கு வாசித்துச் சொல்ல இங்கே ரைட்டர் மட்டும்தான் இருக்கிறார்.